நெற்றிமுடி வெட்டலாமா, வேண்டாமா? தை மாதக் கல்யாணத்துக்கு முன் முடிவெடுக்க வேண்டும்

தாம்வே தங்கை:
எல்லோருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்ததிலிருந்து எனக்கு இதே யோசனைதான். ஃப்ரிஞ்ச், அதாவது நெற்றியில் விழுகிற மாதிரி முன்முடியைக் குட்டையாக, வெட்டிக்கொள்ளலாமா?

என் முடி இடுப்பு வரைக்கும் இருக்கிறது. இலேசான அலை, நல்ல அடர்த்தி. நெற்றி அகலம். விவரம் தெரிந்த நாளிலிருந்து நடுவகிடு, தேங்காய் எண்ணெய், ஒற்றைப் பின்னல்தான். தை மாதம் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம், நான்தான் தோழிப்பெண். எல்லாப் படத்திலும் அவள் பக்கத்தில் நிற்கப் போகிறேன். முகத்தில் ஒரு மாற்றம் வேண்டும் என்று மனசு கேட்கிறது, ஆனால் பின்னலின் நீளத்தைக் குறைக்க விருப்பமில்லை. அதனால்தான் முன்னால் மட்டும் வெட்டலாமா என்று பார்க்கிறேன்.

இங்கே ரங்கூனில், லேடான் பக்கம் ஒரு சலூனில் விசாரித்தேன். கொரியப் பெண்கள் மாதிரி மெல்லிசாகப் புருவம் வரைக்கும் விட்டால் எடுப்பாக இருக்கும் என்றார்கள். அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. என் கவலை வேறு. தினமும் வைபிஎஸ் பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டு டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். இறங்கும்போது நெற்றியெல்லாம் வேர்வை. காலையில் வீட்டில் கரண்ட் இருக்குமா என்றும் சொல்ல முடியாது. இப்படி இருக்கும்போது ஃப்ரிஞ்ச் தாங்குமா? வைத்திருப்பவர்களும் வெட்டிவிடுகிறவர்களும் சொல்லுங்கள்.

பெகு பொண்ணு:
வெட்டுங்க அக்கா. முடிதானே, வளர்ந்துவிடும்.

மோல்மேன் அக்கா:
வளரும், சரி. எப்போது வளரும்? தலைமுடி மாதத்துக்கு 1 முதல் 1.25 செ.மீ. வரைதான் வளரும். இன்றைக்கு வெட்டினால் தை பிறக்கும்போது 3 செ.மீ. கூடியிருக்கும், அவ்வளவுதான். இப்போது புருவத்தில் நிற்கும் முடி அப்போது கண்ணுக்குள் விழும், காதுக்குப் பின்னால் செருகவும் எட்டாது. முகவாய் வரைக்கும் இறங்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். பிடிக்காமல் போனால் அதுவரை ஹேர்பின்னோடு போராட வேண்டியதுதான். கல்யாணத்தை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு நேர் ஃப்ரிஞ்ச் வேண்டாம் தங்கச்சி. தை முடியட்டும்.

கத்திரிக்காரி:
தங்கச்சி, நான் ரங்கூனில் சலூன் நடத்துகிறேன். ஃப்ரிஞ்ச் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரை நானே திருப்பி அனுப்புவேன், அல்லது வேறு வெட்டுக்கு மாற்றிவிடுவேன். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

வட்ட முகம், நீள முகம், சதுர முகம் என்று இணையத்தில் படம் போட்டு விளக்குகிறார்களே, அதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது சுழி. உச்சந்தலையில் இருப்பதைச் சொல்லவில்லை. நெற்றியோரத்தில், முடி முளைக்கத் தொடங்கும் இடத்திலேயே சிலருக்கு ஒரு சுழி இருக்கும். அங்கே முடி கீழே பார்த்து முளைக்காது, பக்கவாட்டிலோ மேலேயோ திரும்பி முளைக்கும். நீளமாக இருக்கும்வரை முடியின் கனமே அதை அமுக்கி வைத்திருக்கும், உனக்கும் தெரியாது. குட்டையாக வெட்டியதும் கனம் போய்விடும், ஃப்ரிஞ்ச் நடுவில் பிளந்துகொண்டு நிற்கும். எந்த ஜெல்லும் அதை ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைக்காது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். தலைக்குக் குளித்த பிறகு முன்முடியை ஈரத்தோடு நேராகப் பின்னால் சீவு. அப்புறம் கையால் தள்ளி முன்னால் சரியவிடு. சீப்பு, டிரையர் எதுவும் தொடாமல் தானாகக் காயட்டும். காய்ந்த பிறகு கண்ணாடியில் பார். எங்கே பிரிகிறதோ, எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதுதான் உன் முடியின் குணம். அதற்கு எதிராக வெட்டினால் தினமும் காலையில் சண்டைதான்.

இரண்டாவது, நெற்றியின் உயரம். புருவத்திலிருந்து முடி தொடங்கும் இடம் வரைக்கும் மூன்று விரல்கூடக் கொள்ளாது என்றால் கனமான நேர் ஃப்ரிஞ்ச் முகத்தையே விழுங்கிவிடும். உனக்கு அகலம் என்கிறாய், உயரமும் இருந்தால் நல்லதுதான்.

மூன்றாவது, உன் முடியின் அலை. அலை முடியையும் சுருள் முடியையும் காய்ந்த நிலையில்தான் வெட்ட வேண்டும். ஈர முடியைச் சீப்பால் இழுத்துப் பிடித்தால் 30 சதவீதம் வரை நீளும். அந்த நீளத்தில் புருவத்துக்கு அளவு வைத்து வெட்டினால் காய்ந்ததும் நெற்றியின் பாதிக்கு ஏறிவிடும். எந்தச் சலூனுக்குப் போனாலும், தண்ணீர் தெளித்து உடனே கத்திரியை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்து.

நான்காவது, எண்ணெய். முன்முடியில் எண்ணெய் வைக்கும் பழக்கத்தை விடத் தயாரா? இதற்கு நீயே பதில் சொல்.

பெகு பொண்ணு:
கத்திரிக்காரி அக்கா சொன்ன ஈர முடி விஷயம் எனக்கே நடந்தது. சுருள் முடி எனக்கு. ஒரு சலூனில் நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் நனைத்து வெட்டினார்கள். வீட்டுக்கு வருவதற்குள் நெற்றி நடுவில் சுருண்டு நின்றுவிட்டது. புதிதாக வெட்டப் போகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டு உட்காருங்கள்.

மாந்தளை மருமகள்:
ரங்கூனில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் உங்களுக்கு ஹெல்மெட் தொல்லை இல்லை. மாந்தளையில் எங்களுக்கு எல்லாமே பைக்தான். ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஃப்ரிஞ்ச் நெற்றியோடு ஒட்டிக் கிடக்கும். நான் பைக் ஏறும் முன் முன்முடி முழுவதையும் பின்னால் தள்ளி ஒரு மெல்லிய துணிப் பட்டை கட்டிவிடுவேன், இறங்கியதும் எடுத்துவிட்டு விரலால் கலைத்துவிட்டால் சரியாகிவிடும். பஸ்ஸிலும் இதையே செய்யலாம். இறங்கும் வரைக்கும் பின் குத்தி வை, வேர்வை முடியில் படாது.

மருந்துக்கடைத் தங்கை:
எண்ணெய் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெற்றியில் பரு என்று எங்கள் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் பாதிப் பேருக்கு முடியில் எண்ணெய் பளபளக்கும். தலை எண்ணெய், கனமான கிரீம் இதெல்லாம் நெற்றியில் இறங்கித் துளைகளை அடைத்துப் பருவைக் கொண்டுவரும். ஃப்ரிஞ்ச் இருந்தால் அந்த முடி நாள் முழுக்கத் தோல் மேலேயே கிடக்கிறது. பருவை மறைக்க ஃப்ரிஞ்ச் வெட்டலாம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. நம் ஊர் புழுக்கத்தில் நெற்றியில் ஒரே அளவாகப் பொடிப்பொடியாக, அரிப்போடு வருவது எல்லாமே பரு இல்லை. மலசீசியா என்ற பூஞ்சை முடிக்கால்களில் பெருகினாலும் அப்படி வரும். பரு கிரீம் அதற்குக் கேட்காது, பூஞ்சைக்கான மருந்து வேண்டும். அரிப்பு இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் சலூனுக்குப் போங்கள்.

ஃப்ரிஞ்ச் வைத்திருக்கும் என் தோழிகள் தினமும் தலைக்குக் குளிப்பதில்லை. மற்ற முடியைக் கட்டிவிட்டு முன்முடியை மட்டும் குழாயடியில் ஷாம்பூ போட்டு அலசிக்கொள்வார்கள். இரண்டு நிமிஷ வேலை.

திருநீறு ஆச்சி:
பிள்ளைகளே, நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தாம்வே பிள்ளையின் அம்மா என்ன நினைக்கிறார் என்று எனக்குப் புரிகிறது. நம் பெண்களுக்கு நெற்றிதான் முகம். பொட்டு, குங்குமம், திருநீறு மூன்றும் அங்கேதான். அனவ்ரதா சாலைக் காளி கோயிலில் குருக்கள் திருநீறு கொடுத்தால் முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பூச வேண்டியிருக்கும். அது முடியில் கொட்டிப் பொடியாக நிற்கும். இந்தக் கோயிலை 1871-இல் கட்டிய தமிழர்கள் கடல் தாண்டி வந்தும் நெற்றியில் இட்டதை விடவில்லை. அதை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை. வெட்டாதே என்று சொல்ல நான் யார்?

மோல்மேன் அக்கா:
ஆச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது ஆச்சி. நெற்றியில் முடி விடுவது நேற்று கொரியாவிலிருந்து வந்த பழக்கம் மட்டும் இல்லை. பர்மியப் பெண் குழந்தைகளுக்குப் பழைய நாளிலிருந்தே உச்சியில் கொண்டை போட்டு, நெற்றியைச் சுற்றி வட்டமாக முடியை வெட்டிவிடும் அலங்காரம் உண்டு. காது குத்தும் விழாக்களில் இன்றும் பார்க்கிறோம். இந்தியாவிலும் 1960-இல் நடிகை சாதனா தன் அகன்ற நெற்றிக்காக முன்முடி வெட்டிக்கொண்டு வர, சாதனா கட் என்று ஊரெல்லாம் அதே வெட்டாகிப்போனது. எங்கள் சித்தியின் கல்யாணத்துக்கு முந்திய படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. முன்னால் சாதனா கட், பின்னால் பின்னல், பின்னலில் மல்லிகை, புருவ நடுவில் பொட்டு. பொட்டு நன்றாகவே தெரிகிறது, ஏனென்றால் முடி புருவத்துக்கு மேலேயே நின்றுவிட்டது.

திருநீறு ஆச்சி:
அந்தப் படம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் மகளே. எங்கள் தெருவிலும் அப்படி இருந்தார்கள், அழகாகத்தான் இருந்தது. திருநீறு மட்டும் யோசிக்கச் சொன்னேன்.

தாம்வே தங்கை:
ஆச்சி, அக்கா, ரொம்ப நன்றி. இதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆச்சி பக்கம்தான் நிற்கிறார். தனக்கா, அந்த மரப்பட்டை அரைத்த பூச்சு, பற்றியும் கேட்கச் சொன்னார். வெயில் நாளில் நெற்றியிலும் கன்னத்திலும் பூசிக்கொண்டுதான் நான் வெளியே போவேன். ஃப்ரிஞ்ச் இருந்தால் என்ன செய்வது?

மாந்தளை மருமகள்:
கன்னத்துக்கும் மூக்குக்கும் மட்டும் பூசு. நெற்றியில் வேண்டும் என்றால் முடியைப் பின் குத்திவிட்டுப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு முடியை இறக்கு. ஈரத்தோடு இறக்கினால் முடி ஒட்டி வெள்ளை வெள்ளையாகிவிடும்.

நாட்டிய டீச்சர்:
யாரும் நெற்றிச்சுட்டியைப் பற்றிப் பேசவில்லையே. தோழிப்பெண் என்றால் சுட்டி வைப்பார்கள்தானே? இதுதான் பெரிய விஷயம்.

சுட்டி வகிட்டில் உட்கார்ந்து நெற்றி நடுவில் தொங்க வேண்டும். நேர் ஃப்ரிஞ்ச் மேல் வைத்தால் முடிக்குள் புதைந்துவிடும், அல்லது முடியின் மேல் நிற்காமல் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்கும். என் மாணவி ஒருத்தி அரங்கேற்றத்துக்கு முன்னால் நேர் ஃப்ரிஞ்ச் வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். குட்டை முடி முழுவதையும் ஜெல் போட்டுப் பின்னால் படியவைத்து, பின் மேல் பின்னாகக் குத்தி, அதன் மேல் சுட்டி கட்டினோம். ஆடி வேர்த்ததும் ஒவ்வொரு முடியாகக் கிளம்பி நின்றது. பிள்ளைக்கு எவ்வளவு சங்கடம். நான் அதிலிருந்து பெற்றோரிடமே சொல்லிவிடுகிறேன், மேடை இருக்கும் வருடத்தில் முன்முடியைத் தொடாதீர்கள் என்று.

ஆனால் நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் திரை மாதிரி ஒதுங்கும் ஃப்ரிஞ்ச் இருக்கிறதே, கர்ட்டன் என்பார்கள், அதற்குச் சுட்டி பொருந்தும். வகிடு அப்படியே இருக்கிறது, நெற்றி நடுவும் திறந்திருக்கிறது. பொட்டும் தெரியும், திருநீறும் பூசலாம். ஆச்சியும் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன்.

கத்திரிக்காரி:
டீச்சர் சரியான இடத்துக்கு வந்துவிட்டார். நானும் இதைத்தான் சொல்ல இருந்தேன், சுழி பார்த்துவிட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். கர்ட்டன் ஃப்ரிஞ்சை கன்ன எலும்பு நீளத்துக்கு வெட்டினால் முதல் நாளே காதுக்குப் பின்னால் போகும், பின்னலில் சேர்க்க ஒரு பின் போதும். அலை முடிக்கு இன்னும் நல்லது, அந்த அலையே பக்கவாட்டில் தூக்கி நிறுத்தும். நேர் ஃப்ரிஞ்சை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிச் சீர் செய்யாவிட்டால் கண்ணை மறைக்கும். கர்ட்டன் இரண்டு மாதம் தாராளமாகத் தாங்கும்.

பச்சைக்குழந்தை அம்மா:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் குழந்தைக்கு ஐந்து மாதம். முன்னால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி நெற்றியின் இரண்டு ஓரமும் வெறிச்சென்று இருக்கிறது. மறைக்க ஃப்ரிஞ்ச் வெட்டலாமா?

மருந்துக்கடைத் தங்கை:
அக்கா, பயப்படாதீர்கள். கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடி, பிரசவத்துக்குப் பிறகு மாதங்கள் சில கழித்து மொத்தமாக உதிரும். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாள் வாக்கில் பழையபடி ஆகிவிடும். அதற்கு மேலும் கொட்டினால் இரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இப்போது ஃப்ரிஞ்ச் வெட்டினால் இருக்கும் முன்முடியைத்தான் எடுக்க வேண்டும், ஓரம் இன்னும் மெலிந்து தெரியும். புதிதாக முளைக்கும் குட்டி முடியே கொஞ்ச நாளில் நெற்றியோரத்தை மூடும். இறுக்கிக் கட்டாமல் விடுங்கள், அதுவே போதும்.

பச்சைக்குழந்தை அம்மா:
நிம்மதியாக இருக்கிறது தங்கச்சி. நன்றி.

பெகு பொண்ணு:
தாம்வே அக்கா, கரண்ட் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. டிரையர் 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும், பலதும் 2,000-ஐத் தொடும். வீட்டில் விளக்குக்கும் ஃபேனுக்கும் வைத்திருக்கும் சின்ன இன்வெர்ட்டரில் அதை மாட்டாதீர்கள், நின்றுவிடும். நான் கரண்டை நம்புவதையே விட்டுவிட்டேன். ஒட்டும் ரோலர் கடையில் கிடைக்கும், பெரிய அளவில் வாங்குங்கள். முன்முடியை இலேசாக நனைத்து, பின்னால் பார்த்துச் சுற்றி வைத்துவிட்டுச் சமையல் வேலையைப் பாருங்கள். சேலையோ லுங்கியோ கட்டி, சாப்பிட்டுக் கிளம்பும்போது எடுத்தால் தூக்கி நிற்கும். அவசரம் என்றால் முகப் பவுடரைக் கொஞ்சம் விரலில் தொட்டு வேரில் தடவினால் எண்ணெய்ப் பசை இழுத்துக்கொள்ளும்.

மோல்மேன் அக்கா:
காலநிலையையும் கணக்கில் எடுங்கள். ஐப்பசி முடிந்தால் மழை விட்டுவிடும், கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் காற்றில் ஈரம் குறைவு. ஃப்ரிஞ்ச் பழகுவதற்கு நம் நாட்டில் இதைவிட நல்ல நாட்கள் இல்லை. சித்திரையில் திங்ஜான் புத்தாண்டுக்கு ஊற்றும் தண்ணீர், அப்புறம் வைகாசியிலிருந்து மழை. முதல்முறை வெட்டுகிறவர்கள் மழைக்காலத்தில் தொடங்கினால் ஒரே வாரத்தில் வெறுத்துவிடுவார்கள். முதலில் தை முடியட்டும் என்று சொன்னேன், அது நேர் ஃப்ரிஞ்சுக்கு. கர்ட்டன் என்றால் இப்போதே வெட்டிப் பழகிக்கொள்வது நல்லது. கல்யாண வாரத்தில் போய்ப் புது வெட்டு வெட்டக் கூடாது.

தாம்வே தங்கை:
சுழி பார்த்துவிட்டேன்! கத்திரிக்காரி அக்கா சொன்ன மாதிரியே ஈரத்தில் விட்டுக் காயவைத்தேன். இடது ஓரத்தில் ஒரு சுழி இருக்கிறது, முடி அங்கே மேலே தூக்கி வலது பக்கம் திரும்புகிறது. இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது. லேடான் சலூனில் இதைப் பார்க்கவே இல்லை.

அதோடு போஜோ சந்தையில் ஒட்டு ஃப்ரிஞ்ச், அந்தக் கிளிப் வைத்தது, வாங்கி மாட்டிப் பார்த்தேன். புருவம் வரைக்கும் நேராக விட்ட முகம் என் முகமாகவே இல்லை. மூக்குக்கு மேல் எல்லாம் மறைந்த மாதிரி ஒரு மூச்சுமுட்டல். அதையே நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் ஒதுக்கியபோது அக்கா கல்யாணத்தில் இப்படித்தான் நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அம்மா பார்த்துவிட்டுச் சுட்டியை எடுத்து வந்து வகிட்டில் வைத்துப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டார்.

இப்போது இரண்டு கேள்வி. இடது சுழிக்கு என்ன செய்வது? எந்தக் கிழமை வெட்டலாம்? அம்மா செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம் என்கிறார். பக்கத்து வீட்டு பர்மிய அக்கா திங்கள், வெள்ளி, பிறந்த கிழமை மூன்றும் ஆகாது என்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள்.

திருநீறு ஆச்சி:
புதன் நல்ல நாள் மகளே. இரண்டு பேர் பேச்சுக்கும் பழுதில்லை. அம்மா சம்மதித்தது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

கத்திரிக்காரி:
இடது சுழி இருப்பதால் வகிட்டைச் சரியாக நடுவில் வைக்காமல், அரை விரல் இடது பக்கம், முடி தானாகப் பிரியும் இடத்திலேயே எடுக்கச் சொல். சுட்டி வைக்கும் அன்றைக்கு மட்டும் நடுவகிடு எடுத்து அந்த ஓரத்தில் ஒரு பின் குத்தினால் போதும்.

வெட்டுகிறவரிடம் இதை அப்படியே காட்டு. முதலில் முடி காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக் கூடாது. முன்னால் எடுக்கும் பகுதி முக்கோணமாக, இரண்டு புருவ வால்களுக்கு இடையில் அடங்க வேண்டும். அதற்கு வெளியே போனால் காதோர முடி மெலிந்துவிடும். பின்னால் தலை வளையத் தொடங்கும் இடத்தைத் தாண்டக் கூடாது. முதல் வெட்டு மூக்கு நுனி நீளத்தில் நிற்கட்டும். அங்கே நிறுத்தி, பிரித்துவிட்டுக் கண்ணாடியில் பார். நடுவில் இன்னும் குறைய வேண்டும் என்றால் அப்போது குறைக்கலாம். ஓரம் கன்ன எலும்பைத் தாண்டிக் கீழே சரிந்து பின்னலோடு சேர வேண்டும். கத்திரியை நேராகப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டினால் வேண்டாம் என்று சொல், நுனியைச் செங்குத்தாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி வெட்ட வேண்டும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் நுனியை மட்டும் சீர் செய்துகொள், புதிதாக எதுவும் செய்யாதே.

அப்புறம் சலூனிலிருந்து வந்த அன்றே எண்ணெய் வைத்துவிடாதே. பின்னலுக்கு வை, முன்னால் நான்கு விரல் விட்டுவிடு.

தாம்வே தங்கை:
புதன்கிழமை வேலை முடிந்து போகிறேன் அக்கா. லேடானுக்கு இல்லை, காய்ந்த முடியில் வெட்டுவோம் என்று சொன்ன இன்னொரு இடத்தில் நேரம் வாங்கிவிட்டேன். நீங்கள் எழுதியதைப் பர்மிய மொழியில் தாளில் எழுதி எடுத்துப் போகிறேன்.

நாட்டிய டீச்சர்:
சுட்டி வைத்து எடுத்த படத்தைக் கட்டாயம் போடு. என் மாணவிகளுக்குக் காட்ட வேண்டும்.